வன்னிப் பாடசாலைகளும் பொதுப் பரீட்சைகளும்: எதை அளக்கின்றன, எதற்குப் பயன்படுகின்றன

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஒன்பது பிள்ளைகள் தோற்றும் ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்வோம். வன்னியின் துணுக்காய், மடு, வவுனியா வடக்கு போன்ற கல்வி வலயங்களில் இப்படிப்பட்ட சிறிய பாடசாலைகள் புதினமல்ல. ஒரு வருடம் ஒரு பிள்ளை வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிறது. அது 11 வீதம். அடுத்த வருடம் இரண்டு பிள்ளைகள் தாண்டுகிறார்கள், 22 வீதம். வலயக் கூட்டத்தில் அது பெறுபேற்றை இரட்டிப்பாக்கிய பாடசாலை. அதற்கடுத்த வருடம் ஒருவருமில்லை என்றதும் அதிபரிடம் விளக்கம் கேட்கிறார்கள். மூன்று வருடமும் வகுப்பில் நின்றவர் அதே ஆசிரியர், கற்பித்ததும் அதே விதம்தான். வந்த பிள்ளைகள் மட்டுமே வேறு. இருநூறு பேர் தோற்றும் ஒரு நகரப் பாடசாலையில் ஒரு பிள்ளை அரை வீதம். ஒன்பது பேர் பாடசாலையில் ஒரு பிள்ளை பதினொரு வீதம். இரண்டையும் ஒரே அட்டவணையில் மேலும் கீழுமாக அடுக்குவது கணக்கின்படியே பிழை.

பொதுப் பரீட்சை வேண்டுமா வேண்டாமா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பெரிய பயனில்லை. அதை எந்த வேலைக்கு வைத்திருக்கிறோம் என்று பார்த்தால்தான் நன்மையும் தீமையும் பிரிந்து தெரியும். இலங்கையில் புலமைப்பரிசில் பரீட்சை ஒன்றே நான்கு வேலை பார்க்கிறது. பிரபல பாடசாலைகளுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்கிறது. வறிய பிள்ளைக்கு உதவித்தொகை தருகிறது. பாடசாலைகளையும் ஆசிரியர்களையும் தரம் பிரிக்கிறது. பிள்ளை என்ன கற்றிருக்கிறது என்று சொல்வதாகவும் எண்ணப்படுகிறது. முதலாவது வேலையை அது ஓரளவு நேர்மையாகச் செய்கிறது. மற்ற மூன்றுக்கும் அது பொருத்தமான கருவி இல்லை. வன்னியில் இந்தப் பொருத்தமின்மையின் விலை மற்ற இடங்களை விடக் கூட.

சுட்டெண்ணின் பலம்

1940களில் கன்னங்கரா காலத்து இலவசக் கல்விச் சீர்திருத்தங்களோடு வந்தது இந்தப் பரீட்சை. கிராமத்து வறிய பிள்ளைகளில் திறமையானவர்களைத் தெரிந்தெடுத்து, விடுதியோடு கூடிய மத்திய கல்லூரிகளில் சேர்ப்பது நோக்கம். அது இல்லாவிட்டால் இடம் எப்படிக் கிடைத்திருக்கும்? பழைய மாணவரின் பிள்ளை, நன்கொடை, தெரிந்தவர் கொடுத்த கடிதம் என்றுதான் போயிருக்கும். இன்றைக்கும் தரம் 1 அனுமதிக்கு நடக்கும் ஓட்டத்தைப் பார்த்தால் விளங்கும்.

விடைத்தாள் திருத்துபவருக்குத் தெரிவது சுட்டெண், அதாவது பிள்ளையின் பரீட்சை இலக்கம், மட்டும். நெடுங்கேணிப் பிள்ளையா, கொழும்புப் பிள்ளையா, தகப்பன் கடற்தொழிலாளியா, வைத்தியரா என்பது தெரியாது. பரிந்துரைக்கு ஆளில்லாத ஒரு பிரதேசத்துக்கு இது சின்ன விஷயமல்ல. 2009 ஒகஸ்டில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களுக்குள் இருந்த பிள்ளைகளும் புலமைப்பரிசில், உயர்தரப் பரீட்சைகளுக்குத் தோற்றினார்கள். இடம்பெயர்வில் பாடசாலைப் பதிவேடுகள், தேர்ச்சி அறிக்கைகள் எல்லாம் போய்விட்டன. ஆனால் முன்பு எடுத்த சாதாரண தரப் பெறுபேறு பரீட்சைத் திணைக்களத்தில் இருந்தது, பிரதி எடுக்க முடிந்தது. மதிப்பீடு முழுவதும் அந்தந்தப் பாடசாலை அலுமாரிக்குள் மட்டும் இருந்திருந்தால் அந்தத் தலைமுறையிடம் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்குக் கூடிய பங்கு கொடுக்க வேண்டும் என்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வெட்டுப்புள்ளியும் மாவட்டமும்

பல்கலைக்கழக அனுமதியில் புள்ளிகளைத் தரப்படுத்தும் கதை தமிழர் மத்தியில் ஆறாத ஒன்று. 1971 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 எடுக்க வேண்டியிருந்தது, சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதும். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்தில் இரண்டும் ஒரே அநீதியின் இரண்டு படிகளாக நினைவில் நிற்கின்றன. வன்னியிலிருந்து பார்த்தால் இரண்டாவது படி அவ்வளவு நேர்கோடல்ல. ஆய்வுகூடம் இல்லாத, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத மன்னார், வவுனியா மாவட்டங்களுக்கு அதுவரை எட்டாத கதவொன்று மாவட்ட ஒதுக்கீட்டால் திறந்தது. கிளிநொச்சி 1984 வரை யாழ் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தபடியால் அங்குள்ள பிள்ளை யாழ் நகரப் பிள்ளையோடுதான் போட்டியிட வேண்டியிருந்தது.

இன்றைய முறையில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடம் அகில இலங்கைத் திறமையின் அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. வன்னியின் நான்கு மாவட்டங்களும் (மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி) அந்தப் பதினாறுக்குள் இருக்கின்றன. வரிசைப்படுத்துவது 2001 முதல் இசட் புள்ளியால்.

இசட் புள்ளி மர்மம் ஒன்றுமில்லை. பிள்ளையின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்கு நாடு முழுவதும் வந்த சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பது. உதாரணத்துக்கு, ஒரு பாடத்தின் சராசரி 45, நியம விலகல் 15 என்று வைத்தால் 60 எடுத்தவருக்கு 1.0. சராசரி 30ஆக விழுந்த கடினமான பாடத்தில், அதே விலகலோடு, அதே 60க்கு 2.0. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளைக் கூட்டி மூன்றால் வகுத்தால் பெறுபேற்றுத் தாளில் உள்ள எண் வந்துவிடும். வினாத்தாள் கடினமாக வந்தால் எல்லோருக்கும் சேர்த்தே சராசரி இறங்குவதால், ‘இந்த முறை பௌதிகவியல் கஷ்டம்’ என்ற பயத்துக்கு இந்த முறையில் பெரிய இடமில்லை.

ஆனால் இதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: ஒவ்வொரு பாடத்தையும் எடுக்கும் கூட்டம் சமமான திறமை கொண்டது என்பது. திறமையானவர்கள் குவியும் பாடத்தில் சராசரி உயரும், அதே பிள்ளைக்கு இசட் குறையும். இரண்டு வேறு கூட்டங்களை ஒன்றாகக் கலந்தால் என்ன நடக்கும் என்பதை நாடு 2011 உயர்தரத்தில் கண்டது. பழைய பாடத்திட்டத்தில் தோற்றியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் தோற்றியவர்களையும் சேர்த்துக் கணித்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2012இல் இரண்டையும் தனித்தனியாகக் கணிக்க உத்தரவு வந்தது.

மாவட்ட ஒதுக்கீடு சலுகைப் புள்ளி தருவதாகச் சிலர் பேசுவது சரியல்ல. வினாத்தாள் ஒன்று, திருத்தும் திட்டம் ஒன்று, பல்கலைக்கழகத்தில் எழுதும் பரீட்சையும் ஒன்று. மாவட்டம் தீர்மானிப்பது யாரோடு வரிசையில் நிற்பது என்பதை மட்டும். அதன் உண்மையான குறை வேறு. மாவட்டத்துக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு அதன் கண்ணுக்குத் தெரியாது. வவுனியா நகரமும் வவுனியா வடக்கும் ஒரே வரிசை. கிளிநொச்சி நகரமும் பூநகரியும் ஒரே வரிசை. பின்தங்கிய மாவட்டத்துக்கென்று வரும் இடம் அந்த மாவட்டத்தின் முன்னேறிய நகரப் பாடசாலைக்குப் போய்ச் சேருவதே வழமை. உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் உள்ள பாடசாலை (1ஏபி வகை) ஒன்றுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டிய பிள்ளைக்கு அந்த ஒதுக்கீட்டால் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை.

மழைக்காலத்தில் ஒரே நேர அட்டவணை

எல்லோருக்கும் ஒரே நாள், ஒரே நேரம் என்பது பொதுப் பரீட்சையின் அடிப்படை. அந்த நாளை யாருடைய காலநிலையைப் பார்த்துக் குறிக்கிறார்கள் என்பது பெரிதாகப் பேசப்படுவதில்லை. அண்மை வருடங்களில் உயர்தரம் நவம்பர் கடைசிக்கும் டிசம்பருக்கும் வந்தது. வன்னியில் அது வடகீழ்ப் பருவமழை உச்சம் கொள்ளும் நேரம், குளங்கள் வான் பாயும் நேரம், காலபோக வயலில் வேலை நிற்காத நேரம். 2024இல் வெள்ளத்தால் நவம்பர் 27 முதல் சில நாட்கள் பரீட்சை நிறுத்தப்பட்டது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலால் மறுபடியும் நின்று, மிச்சப் பாடங்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளிப்போயின. நாடு முழுவதும் நிறுத்தும் அளவுக்கு வெள்ளம் வந்தால் எல்லோருக்கும் சமம். வீதியை மேவித் தண்ணீர் பாய்வது ஒரு பிரதேசத்தில் மட்டும் என்றால் பரீட்சை நடக்கும். உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, நனைந்த உடுப்போடு மண்டபத்துக்குப் போன பிள்ளையின் புள்ளியில் அதற்கென்று ஒரு தசமும் திருத்தமில்லை.

தரம் 5 வினாத்தாளுக்குள்

புலமைப்பரிசிலில் இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளி. முதலாவதில் நுண்ணறிவு சார்ந்த 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம். இரண்டாவதில் மொழி, கணிதம், சுற்றாடல் முதலியவற்றிலிருந்து 60 வினாக்கள், ஒன்றேகால் மணித்தியாலம். பத்து வயதுப் பிள்ளை இரண்டேகால் மணித்தியாலத்தில் நூறு வினாக்களை வாசித்து விளங்கி விடை எழுத வேண்டும். ஆக, எல்லாவற்றுக்கும் முன்பு அது அளப்பது வாசிப்பு வேகத்தை. வீட்டில் புத்தகமும் பத்திரிகையும் புழங்கும் பிள்ளைக்கு இங்கேயே பத்து நிமிடம் மிஞ்சிவிடும்.

நுண்ணறிவு வினாக்கள் பழக்கத்தால் ஏறுபவை. எண் கோலம், கண்ணாடி விம்பம், மடித்து வெட்டிய கடதாசி, தொடர்பில்லாத சொல் என்று வினா வகைகள் வருடா வருடம் திரும்பி வருகின்றன. அவற்றை நூறு தடவை செய்த பிள்ளைக்கும் முதல் தடவை காணும் பிள்ளைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் நுண்ணறிவில் இல்லை. ரியூசன் இந்த இடைவெளியில்தான் வாழ்கிறது. தரம் 3 பிள்ளைக்கே மாதிரி வினாத்தாள் கொடுக்கத் தொடங்குவதும், அழகியலும் விளையாட்டும் நேரசூசியில் மட்டும் இருப்பதும் இதன் விளைவு. பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்து வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் தடை செய்கிறது. இரண்டு வருடப் பழக்கத்தைக் கடைசி நான்கைந்து நாள் தடை என்ன செய்யும்?

இன்னொன்று, பல்தேர்வில் ஊகம். கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போட்டாலும் ஒரு பங்கு சரிவரும், பிழைக்குப் புள்ளி கழிவதுமில்லை. அதனால் 70க்கு மேல் எடுத்தால் சித்தி என்ற கணக்கு பிள்ளையின் அடைவு பற்றி அதிகம் சொல்லாது. பாடசாலைப் பதாகைகளில் ‘70 புள்ளிக்கு மேல் 100 வீதம்’ என்று போடுவது ஒரு கணக்கு, வெட்டுப்புள்ளி வேறு கணக்கு. பெற்றோர் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பாடசாலைகளும் அந்தக் குழப்பத்தைத் தீர்க்க அவசரப்படுவதில்லை.

வெட்டுப்புள்ளிக்கு அருகில் என்ன நடக்கிறது என்பதும் முக்கியம். வெட்டுப்புள்ளி 140 என்று வைப்போம். 141 எடுத்த பிள்ளைக்கும் 139 எடுத்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் ஓர் ஊகம், ஒரு கவனப்பிழை, ஒரு தும்மல். அடுத்த கிழமை அதே தரத்தில் இன்னொரு வினாத்தாள் கொடுத்தால் இருவரும் இடம் மாறலாம். எந்தப் பரீட்சைக்கும் இந்தத் தளம்பல் உண்டு. ஆனால் ஒரு பிள்ளைக்கு மாலை, மற்றதற்குப் பேச்சு. 2024 செப்டெம்பர் பரீட்சையில் முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனதற்கும் இதுவே காரணம். மூன்றே வினா என்றாலும் வெட்டுப்புள்ளிக்கு அருகில் நிற்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அது முழு முடிவு. கடைசியில் அந்த மூன்றுக்கும் எல்லோருக்கும் புள்ளி கொடுக்க வேண்டி வந்தது.

தெரிவான பிள்ளை போன பிறகு

வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளை கிராமத்துப் பாடசாலையில் தரம் 6க்கு நிற்பது குறைவு. முல்லைத்தீவு நகரம், கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் என்று போய்விடும். அந்த ஒரு பிள்ளைக்கு அது நன்மையாக அமையலாம். விட்டுப்போன பாடசாலைக்கு நடப்பது வேறு. மாணவர் தொகை குறையக் குறைய ஆசிரியர் ஆளணி குறையும், கணித, ஆங்கில ஆசிரியர் இல்லாமல் போகும், சாதாரண தரப் பெறுபேறு விழும், அதைப் பார்த்து அடுத்த பெற்றோரும் பிள்ளையைக் கொண்டுபோவார்கள். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்கும் ஆசிரியரையும், யாழ்ப்பாணத்திலிருந்து நாளாந்தம் பஸ்ஸில் வந்து போகும் ஆசிரியரையும் இதோடு சேர்த்தால் கணக்கு முழுமையாகும். பெறுபேறு தாழ்ந்த பாடசாலை என்று பட்டியலில் கீழே கிடப்பது, பெரும்பாலும், நல்ல பிள்ளைகளை மற்றப் பாடசாலைக்கு அனுப்பிவிட்ட பாடசாலை. இரணைமடுக் குளத்தின் அளவுகோல் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று காட்டும். அடியில் எவ்வளவு மண் நிரவியிருக்கிறது, வாய்க்கால் வழியே எவ்வளவு வெளியே போனது என்பதெல்லாம் அதில் தெரியாது. சித்தி வீதமும் அப்படித்தான்.

உதவித்தொகை மாதம் 750 ரூபாவாக இருந்து 2025இல் 1,500 ஆனது. விடுதிக் கட்டணத்துக்கும் போக்குவரத்துக்கும் முன்னால் இது எந்த மூலைக்கும் காணாது. வறுமைக்கு உதவுவதுதான் நோக்கம் என்றால் வறுமையை வைத்தே கொடுக்கலாம். 139 எடுத்த வறிய பிள்ளைக்கும் பசி ஒன்றுதான்.

சாதாரண தரத்தில் இதே சிக்கல் கணிதத்தில் வந்து முட்டுகிறது. தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அவற்றில் மூன்றில் சி தரம் என்பது உயர்தரத்துக்கான வழமையான வாசல். 35 எடுத்தால் எஸ், அதாவது சித்தி. 34 எடுத்தால் டபிள்யூ, சித்தியில்லை. கணித ஆசிரியரே இல்லாமல் இரண்டு வருடம் இருந்த வகுப்புக்கும் அதே 35தான். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்கல்விப் பிரிவில் சேர சாதாரண தரச் சித்தி தேவையில்லை. அதைப் பற்றி ஊரில் தெரிந்தவர்கள் குறைவு, அது உள்ள பாடசாலைகளும் குறைவு.

வகுப்புக்கு உண்மையில் உதவும் பரீட்சை

பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்று அறிய வேண்டுமென்றால் மொத்தப் புள்ளி பயன்படாது. வினா வினாவாகப் பார்க்க வேண்டும். வலயத்தின் முன்னோடிப் பரீட்சையோ தவணைப் பரீட்சையோ முடிந்ததும் ஒரு பெரிய கட்டத்தாளில் இதைச் செய்யலாம். இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர், மேலே வினா இலக்கம். சரியென்றால் 1, பிழையென்றால் பிள்ளை எழுதிய விடையையே கட்டத்துக்குள் எழுத வேண்டும். வெறும் 0 போட்டால் பாதிப் பயன் போய்விடும்.

24 பிள்ளைகள் உள்ள வகுப்பு என்று வைப்போம். வினா: 3 கிலோ 250 கிராமிலிருந்து 1 கிலோ 750 கிராமைக் கழிக்க. சரியாக 1 கிலோ 500 கிராம் எழுதியவர் 9 பேர். 2 கிலோ 500 கிராம் எழுதியவர் 11 பேர். மற்ற நாலு பேர் வேறு வேறு விடை. அந்த 11 பேரும் கவலையீனமாக எழுதவில்லை. மூன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார்கள், பிறகு 250க்கும் 750க்கும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தார்கள். ஒரு கிலோவை உடைத்து 1000 கிராமாக்கி எடுப்பது அவர்களுக்கு வரவில்லை. இன்னும் இருபது கழித்தல் கணக்குக் கொடுத்தால் அதே பிழையை இருபது தடவை செய்வார்கள். தராசும் படியும் கொண்டு ஒரு பாடவேளை அந்த உடைத்தலைச் செய்து காட்டினால் போதும்.

அடுத்து, மொத்தப் புள்ளிப்படி மேலே உள்ள 8 பேரையும் கீழே உள்ள 8 பேரையும் எடுத்துப் பார்க்க வேண்டும். மேலே 7 பேர், கீழே ஒருவர் சரி என்றால் வினா நன்றாகப் பிரிக்கிறது. இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேர்தான் சரி என்றால் அந்த விடயம் வகுப்பில் சரியாகப் போகவில்லை அல்லது வினாவின் மொழி பிழை. சிங்களத்திலிருந்து மாற்றிய நீண்ட வாக்கியங்களில் இந்த இரண்டாவது அடிக்கடி அகப்படும். கீழே உள்ளவர்கள் மேலே உள்ளவர்களை விடக் கூடச் சரியாக எழுதியிருந்தால் விடைக் குறிப்பையே ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

சாதாரண தரம், உயர்தரம் இரண்டுக்கும் பரீட்சைத் திணைக்களம் பாடவாரியான மதிப்பீட்டு அறிக்கைகளை வெளியிடுகிறது. எந்த வினாவுக்கு எத்தனை வீதம் சரியாக எழுதினார்கள், எங்கே வழுக்கினார்கள் என்று அதில் இருக்கும். கடந்தகால வினாத்தாள் புத்தகத்துக்குச் செலவழிக்கும் காசில் ஒரு பங்கை அதைப் பிரதி எடுக்கச் செலவழிக்கலாம். நாட்டின் கற்றல் நிலையை அறிய வேண்டுமென்றால் எல்லாப் பிள்ளைகளையும் பிழிய வேண்டியதுமில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் தரம் 4, தரம் 8 போன்ற மட்டங்களில் மாதிரி எடுத்துப் பரீட்சித்துத்தான் அடைவை அளக்கிறது. அதில் பிள்ளையின் பெயர் பதாகையில் ஏறுவதில்லை, ஆகவே அதற்கு ரியூசனும் இல்லை.

வலயங்கள் சிறிய பாடசாலைகளைக் கட்டாயம் ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் ஐந்து வருடத்தைக் கூட்டிப் பார்க்கட்டும். ஒன்பது பேர் 45 ஆகும்போது ஒரு பிள்ளையின் பாரம் 11 வீதத்திலிருந்து 2 வீதத்துக்குச் சற்று மேலாக இறங்கும். வீதத்தோடு தோற்றியவர் தொகையையும் எழுத வேண்டும். வகுப்பிலிருந்து எத்தனை பேர் தோற்றவில்லை என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் இந்தப் பரீட்சை கட்டாயமல்ல, பெலவீனமான பிள்ளையை வீட்டில் நிற்பாட்டி வீதத்தைக் கூட்டுவது லேசு.

பெற்றோருக்கு ஒரு நடைமுறை விடயம். தரம் 5 முடிந்ததும் பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கோ வேறு மாவட்டத்துக்கோ அனுப்ப நினைத்தால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலில் மாவட்டத்தைத் தீர்மானிக்கும் பகுதியை முதலே வாசியுங்கள். உயர்தரத்துக்கு முந்தைய மூன்று வருடங்களில் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்பதை அங்கே பார்ப்பார்கள். முல்லைத்தீவு முகவரி இருந்தும் அந்த மூன்று வருடமும் யாழ் பாடசாலையில் படித்தால் நிற்பது யாழ் வரிசையில். மருத்துவம் போன்ற நெறிகளுக்கு அங்கே வெட்டுப்புள்ளி உயரம். திரும்பி வருவதென்றால் சாதாரண தரம் முடியும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். தரம் 10லேயே முடிவெடுக்க வேண்டும்.